செவலைக்குக் கொடுத்த உண்ணி மாத்திரை: நான்கு டோஸ் முடிந்த பிறகு

2024 வைகாசியில் ஒரு கல்யாண ப்ளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அரக்குப் பட்டு, கையில் ஆரி வேலை செய்தது. மடியில் போட்டுத் திருப்பும்போது லைனிங்கில் எள் அளவுக்கு ஏதோ நகர்ந்தது. நூல் பிசிறு என்று நினைத்து ஊதினேன், போகவில்லை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் உண்ணி. துணியை அப்படியே வெயிலுக்குக் கொண்டுபோய், தையல் தையலாகப் பிரித்துப் பார்த்து, இஸ்திரி போட்டு, மறுபடியும் பார்த்து, அப்புறம்தான் கவரில் போட்டேன். அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை. அந்தப் பெண் முகூர்த்தத்தில் உட்கார்ந்திருக்கும்போது முதுகில் ஒன்று ஊர்ந்தால் என்ன ஆகும் என்றே மனசு போனது.

மறுநாள் எங்கள் நாய் செவலையைத் தையல் அறையிலிருந்து வெளியே அனுப்பினேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டினோம். ஆறு வருஷமாக என் மிஷினின் மிதிக்கட்டைக்குப் பக்கத்தில் படுத்தே வளர்ந்தவன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவன் முனகுவதைக் கேட்டுக்கொண்டே தைத்தேன். இந்த மாத்திரையைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு அந்த முனகல்தான் காரணம்.

எங்களுடையது பாளையங்கோட்டையில் பழைய வீடு. சுண்ணாம்புச் சுவர், மரக் கழிக்கோல் போட்ட மச்சு, முன்னால் திண்ணை. வீட்டில் அத்தை, நான், காலேஜ் படிக்கிற மகன், அப்புறம் செவலை. கோவில்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் பிறந்த சிப்பிப்பாறைக் கலப்பு. குட்டை முடி. உடம்பில் ஒன்று ஒட்டினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்ற தைரியத்தில் இருந்தோம். ஆனால் அவை ஒட்டுகிற இடங்கள் வேறு: காது மடலின் உள்பக்கம், கால் விரல்களுக்கு இடையில், வாலின் அடியில், கழுத்துப் பட்டைக்குக் கீழே. அங்கெல்லாம் நாமாகத் தேடிப் பார்த்தால்தான் உண்டு.

மாத்திரைக்கு முன்னால் என்னென்ன வாங்கினேன் என்பது தையல் கணக்கு நோட்டிலேயே இருக்கிறது. ஷாம்பு இரண்டு புட்டி 760, பவுடர் இரண்டு டப்பா 440, மூலிகைக் கழுத்துப் பட்டை 450, தண்ணீரில் கலந்து ஊற்றுகிற மருந்து 190. மொத்தம் 1,840 ரூபாய். ஷாம்பு போட்ட அன்று உண்ணி குறையும், நாலாம் நாள் பழையபடி வந்துவிடும். பட்டை கழுத்தைச் சுற்றி முடியை உதிர்த்துச் சிவக்க வைத்தது, ஒரு வாரத்தில் கழற்றிவிட்டேன். ஊற்றுகிற மருந்து அமிட்ராஸ். அது வேலை செய்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் நெடி தாங்கவில்லை. எதிர்வீட்டுப் பூனை எங்கள் திண்ணையில்தான் மத்தியானம் படுக்கும், அமிட்ராஸ் பூனைக்கு ஆகாது. நாய்க்கு என்று விற்கிற சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு உயிருக்கே ஆபத்து. வீட்டிலோ பக்கத்திலோ பூனை இருப்பவர்கள் இந்த இரண்டு பெயரையும் மறக்காதீர்கள்.

பெரியம்மா சொன்னார்கள் என்று ஒருமுறை தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுத் தடவினேன். நாய் அதை நக்கினால் விஷம் என்று பிறகுதான் தெரிந்தது. மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும்.

ஆகஸ்ட் 5-ம் தேதி மீன்காரர் ஹாரன் அடித்தபோது செவலை எழுந்திருக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் சங்கிலி அறும் அளவுக்கு இழுப்பவன், தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான். உடம்பு கொதித்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துப்போய் இருந்தது. அடிவயிற்றில் வேர்க்குரு மாதிரி பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். அன்று சாயங்காலம் பக்கத்தில் ஒரு இடத்தில் காட்டினோம். காய்ச்சலுக்கு ஊசி போட்டு, வெயில் சூடு, மோர்சாதம் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. உண்ணி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. உண்ணி இருக்கிற நாய்க்குக் காய்ச்சல் வந்தால் ரத்தம் பார்க்காமல் வீட்டுக்கு வராதீர்கள். கேட்டு வாங்குங்கள்.

மறுநாள் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். போவதே பெரும்பாடு. மூன்று ஆட்டோக்காரர்கள் மாட்டேன் என்றார்கள். "நாய்னா சீட்டு நாறும்க்கா" என்றார் ஒருவர். கடைசியில் காய்கறி ஏற்றுகிற குட்டியானையில் சாக்கு விரித்து, மகன் மடியில் அவன் தலையை வைத்துக்கொண்டு போனோம். அங்கே காதோரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தார்கள், காலில் எடுத்ததை எண்ணிக்கைக்கு அனுப்பினார்கள். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் 48,000. நாய்க்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். எர்லிக்கியா என்று சொன்னார்கள். நம் வீடுகளில் இருக்கிற பழுப்பு உண்ணி கடித்துப் பரப்புகிற கிருமி, வெள்ளையணுக்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை 100 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று, 28 நாள்.

கூடவே டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் இந்த உண்ணி மாத்திரை. "அம்மா, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துட்டு உண்ணியை விட்டுவச்சா, அடுத்த மாசம் திரும்ப இங்கதான் வருவீங்க" என்றார்.

டாக்ஸிசைக்ளின் கொடுத்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் தோற்றுப்போய்ப் பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய. 56 மாத்திரை. முதல் நாள் இட்லிக்குள் வைத்தேன். இட்லி முழுவதும் தின்றுவிட்டு மாத்திரையைத் துடைத்தாற்போலத் தரையில் வைத்தான். வாழைப்பழம் மூன்று நாள் ஓடியது, நாலாம் நாள் பழத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு சாளை மீனை அவித்து முள் எடுத்து உருண்டை பிடித்தேன். முதல் உருண்டை வெறும் மீன், இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக் காட்டிக்கொண்டே இரண்டாவதைக் கொடுக்க வேண்டும். அடுத்தது வருகிறது என்ற அவசரத்தில் விழுங்கிவிடுவான். பிறகு ஒரு கிண்ணம் கஞ்சித்தண்ணீர். இந்த மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும், அதனால் பின்னாலேயே ஏதாவது குடிக்க வேண்டும். ஆறாம் நாளே செவலை துள்ளிக் குதித்தான், ஆனாலும் 28 நாளும் கொடுத்தேன். கடைசிப் பரிசோதனையில் தட்டணுக்கள் 2,10,000.

சரி, உண்ணி மாத்திரைக்கு வருகிறேன். கம்பெனிப் பெயர் சொல்லவில்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் என்ன இருந்தாலும், கீழே பொடி எழுத்தில் ஃப்ளூராலனர் என்று மருந்தின் பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாத்திரை 12 வாரத்துக்கு. இதே வகையில் அஃபோக்ஸோலனர் என்று மாதம் ஒன்று கொடுப்பதும் இருக்கிறது, அதை நான் வாங்கியதில்லை. நான் கொடுத்த விலை 1,950 ரூபாய். ஆறு லைனிங் ப்ளவுஸ் தைத்த கூலி. கடையில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பது உண்மை. ஆனால் நோட்டில் இருந்த 1,840-ஐ நினைத்ததும் யோசனை நின்றது.

எடை பார்க்காமல் வாங்காதீர்கள். கடைக்காரர் செல்போனில் படத்தைப் பார்த்துவிட்டு "இருபத்தஞ்சு கிலோ இருக்கும்" என்று 20 முதல் 40 கிலோ வரைக்குமான பெட்டியை எடுத்தார். ஆஸ்பத்திரித் தராசில் அவன் 19 கிலோ 400 கிராம். அவனுக்கு வேண்டியது 10 முதல் 20 வரைக்குமானது. மெலிந்த நீள நாயைக் கண்ணால் எடை போட முடியாது. தராசு இல்லாவிட்டால் நீங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று பாருங்கள், பிறகு தனியாக நின்று கழித்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 10, சனிக்கிழமை இரவு எட்டரை மணி. சாப்பாட்டோடு கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். சோறு வைத்து மேலே மாத்திரையை வைத்தேன். மோந்து பார்த்தான், ஈரல் வாடை வருகிறது அதில். கடித்துத் தின்றான். 56 மாத்திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

காலையில் ஆறு மணிக்குக் காது மடலைத் திருப்பிப் பார்த்தேன். முந்தின நாள் வரை ஆமணக்கு முத்து மாதிரி உப்பி, சாம்பல் நிறத்தில் மினுமினுத்தவை எல்லாம் சுருங்கி, கால்கள் மடங்கி, தோலில் காய்ந்த பொருக்கு மாதிரி நின்றன. சிலது தொட்டதும் உதிர்ந்தது. உதிராததை ஓவர்லாக் மிஷினுக்கு நூல் கோர்க்கிற இடுக்கியால் எடுத்தேன். அதன் முனை வளைந்து ஊசி மாதிரி இருக்கும், தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க ரொம்பத் தோதானது. விரலால் நசுக்கக் கூடாது. சோப்புத் தண்ணீர் பாட்டிலில் ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணினேன். 43. அவன் காதை என் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்று எடுக்கும்போதும் பெருமூச்சு விட்டான்.

அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் எனக்குக் கோபம் வந்தது. திண்ணைச் சுவரில் உண்ணி ஏறிக்கொண்டுதான் இருந்தது. செவலை மேலேயும் புதிதாக இரண்டு மூன்று ஒட்டியிருந்தன. அத்தையின் கெண்டைக்காலில் கடித்து, சொறிந்து சொறிந்து வட்டமாகத் தடித்துவிட்டது. "ஏட்டி, ரெண்டாயிரம் ரூவாய்க்கு மாத்திரை கொடுத்தியே, கட்டில்ல என்னமோ ஊருதே" என்றார்கள். டாக்டருக்குப் போன் போட்டேன்.

"அம்மா, இது கொசுவர்த்தி மாதிரி விரட்டாது. மருந்து ரத்தத்துல இருக்கு. கடிச்சாத்தான் சாகும். உங்க வீட்ல இருக்கிறதுல நாய் மேல இருந்தது கொஞ்சம், மிச்சமெல்லாம் சுவர்லதான் இருக்கு" என்றார். இந்தப் பழுப்பு உண்ணி குஞ்சாக இருக்கும்போது ஒருமுறை, நடுப்பருவத்தில் ஒருமுறை, வளர்ந்த பிறகு ஒருமுறை என்று மூன்று தடவை ரத்தம் குடிக்க நாயைத் தேடி வருமாம். குடித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் இறங்கிச் சுவரிடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். பெண் உண்ணி கடைசியாக இறங்கி ஆயிரக்கணக்கில் முட்டை இட்டுவிட்டுச் சாகும். அதனால் இனி பொரிப்பதெல்லாம் செவலையைக் கடித்துத்தான் சாக வேண்டும். கடைசியில் அவர் சொன்னது என்னை உலுக்கிவிட்டது: "நாயை வெளியே கட்டாதீங்க. வீட்டுக்குள்ள நடமாட விடுங்க. இனிமே அதுதான் உங்களுக்குப் பொறி."

மூன்று மாதமாகக் கல்லுக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டிருந்தேன். அன்று சாயங்காலமே சங்கிலியைக் கழற்றினேன். தையல் அறை வாசலில் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று என் முகத்தைப் பார்த்தான். வா என்றதும் நேராக மிஷினுக்கு அடியில் போய், பழைய இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தான்.

ஆனால் அவனைக் கடிக்கவிட்டுக் கொல்லுவது மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. தொடர்ந்து நாலு ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் கிளறினோம். அத்தையின் கயிற்றுக் கட்டிலை வெயிலில் போட்டபோது உண்ணிகள் சட்டத்தின் ஓட்டைகளுக்குள் இன்னும் ஆழமாகப் போயின. வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய பிறகுதான் கொட்டின. இவை மேலே ஏறுகிற பூச்சி. தரையைத் துடைத்துப் பிரயோஜனமில்லை, கண் மட்டத்துக்கு மேலே தேட வேண்டும். மாதக் காலண்டரைக் கழற்றினால் அதன் பின்னால் ஆணி அடித்த ஓட்டையைச் சுற்றிக் கருஞ்சிவப்பில் கசகசா கொட்டினாற்போல ஒரு குவியல். அவ்வளவும் முட்டை. சாமி படங்களின் சட்டத்துக்குப் பின்னால், மீட்டர் பெட்டிக்குக் கீழே, நிலைக்கும் சுவருக்கும் நடுவில், எல்லா இடத்திலும் இருந்தன. மகன் அகலமான ஒட்டு டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுத்தான். வெடிப்புகளை வெள்ளை சிமெண்ட் குழைத்து அடைத்தோம். மருந்தடிக்க ஆளைக் கூப்பிடலாம் என்று மகன் சொன்னான், அத்தைக்கு இரைப்பு இருப்பதால் நான் சம்மதிக்கவில்லை. உங்கள் வீட்டில் அந்தத் தொந்தரவு இல்லையென்றால் அதையும் யோசித்துப் பாருங்கள், வேலை சீக்கிரம் முடியலாம்.

செப்டம்பர் முழுக்க ஒன்றிரண்டு தென்பட்டன. அக்டோபர் முதல் வாரத்தில் ஒன்றைப் பிடித்தேன், அதற்குப் பிறகு சுவரில் பார்க்கவில்லை. தீபாவளிக்கு எழுபது ப்ளவுஸுக்கு மேல் தைத்தேன். ஒவ்வொன்றையும் கவரில் போடுமுன் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒன்றிலும் எதுவும் இல்லை.

இரண்டாவது மாத்திரை நவம்பர் 2, மூன்றாவது ஜனவரி 25, நான்காவது ஏப்ரல் 19. உண்ணி இல்லையே, நிறுத்தினால் என்ன என்று ஜனவரியில் ஒரு சபலம் வந்தது. டாக்டர் வேண்டாம் என்றார். பசியோடு மாசக்கணக்கில் சுவருக்குள் காத்திருக்கும் என்றார்.

வாசலில் கருவாச்சி என்று ஒரு தெருநாய் உண்டு. ராத்திரி எங்கள் திண்ணையில்தான் படுப்பாள். அவள் மேலே உண்ணி இருக்கிற வரை இந்த வீட்டுக்குள் திரும்ப வருவதற்கு வழி இருந்துகொண்டே இருக்கும். நவம்பரில் எதிர்வீட்டு மைனியும் நானும் ஆளுக்குப் பாதி போட்டு அவளுக்கும் ஒன்று வாங்கினோம். பிடித்து எடை போட முடியவில்லை, டாக்டர் வந்து பார்த்து உத்தேசமாகச் சொன்னார். கருவாட்டுக் குழம்புச் சோற்றில் வைத்தோம். ஒரு மாதத்தில் அவள் காதுகளில் முடி திரும்ப முளைத்தது. அதைப் பார்த்தபோது நான் செலவழித்ததில் இதைவிட நல்ல செலவு இல்லை என்று தோன்றியது.

குறை சொல்லாமல் விடக் கூடாது. பெட்டிக்குள் வருகிற தாள் முழுவதும் ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில் இருக்கிறது. மகன் படித்துச் சொல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அதில் முக்கியமான சங்கதி, சில நாய்களுக்கு இந்த வகை மருந்தால் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்பது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-லேயே இந்த வகை மாத்திரைகள் எல்லாவற்றையும் பற்றி இப்படி எச்சரித்திருக்கிறது. உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மாத்திரையைத் தொடும் முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். குட்டிக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். செவலைக்கு முதல் டோஸுக்கு மறுநாள் ஒருமுறை வாந்தி வந்தது, மற்ற மூன்று தடவையும் ஒன்றுமில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தைத் தமிழில் நாலு வரி அச்சடிக்கக் கம்பெனிக்கு என்ன கஷ்டம்?

விலையும் குறைதான். வருஷத்துக்கு நாலு மாத்திரைக்கு மேல் வேண்டும், நான் கொடுத்த விலைக்கு எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. தினக்கூலிக்குப் போகிறவர் வீட்டிலும் நாய் இருக்கிறது, அந்த வீட்டுச் சுவரிலும் வெடிப்பு இருக்கிறது. அவர்கள் எப்படி வாங்குவார்கள்? அமிட்ராஸை டாக்டர் சொன்ன அளவில் கலந்து விடாமல் ஊற்றி, சுவரையும் கவனித்தால் அவர்களும் சமாளிக்கலாம். மூலிகைப் பட்டைக்கு மட்டும் காசைக் கொட்ட வேண்டாம்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று விலைக்கும் அந்த ஆங்கிலத் தாளுக்கும்.

அடுத்த மாத்திரை ஜூலை 12, சனிக்கிழமை. நாள்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறேன். அதை இப்போது சுவரில் மாட்டுவதில்லை, மிஷின் மேஜை மேலேயே வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது செவலை கீழே மிதிக்கட்டை மேல் தாடையை வைத்துத் தூங்குகிறான். அவன் எழுந்திருக்கட்டும் என்று ஒரு பாவாடைக்கு ஓரம் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.